லண்டன் போய்த் திரும்பிய பரமபதம்

பாவ புண்ணியத்தின் பெயர் எழுதிய கட்டங்கள் நூறு எண்களாகச் சுருங்கி உலகம் சுற்றின. இந்தப் பயணத்தில் குழந்தைகள் இழந்தது என்ன, பெற்றது என்ன?

மார்கழிக் குளிர். இரவு பதினொன்றரை மணி. கூடத்தில் பாய் விரித்து, நாலாக மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்துப் போடுகிறார்கள். மடிப்பு விழுந்த இடமெல்லாம் நிறம் போய் வெள்ளை தெரிகிறது. நீளமான பாம்பு ஒன்றுக்கு நடு உடம்பே இல்லை. தாத்தாவுக்குப் புளியங்கொட்டை, பாட்டிக்குச் சோழி, பேரனுக்குச் சட்டைப் பொத்தான், பேத்திக்கு உடைந்த வளையல் துண்டு. இரண்டு பித்தளைத் தாயக்கட்டைகளையும் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்து உருட்டுகிறாள் பேத்தி. கட்டைகள் சலசலவென்று ஓடி, சுவரோரம் போய் நிற்கின்றன.

நான்கு. வளையல் துண்டு நான்கு கட்டம் நகர்ந்து பாம்பின் வாயில் போய் உட்காருகிறது. மேலிருந்து மூன்றாவது வரிசையில் இருந்தவள் ஒரே வீச்சில் கீழே வந்துவிட்டாள்.

“என்னை எதுக்குத் தாத்தா கொத்துச்சு? நான் என்ன பண்ணினேன்?”

தாத்தா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அந்தக் கட்டத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பெயரைப் படிக்கிறார். ராவணன். “அப்படி வா. எவ்வளவு படிச்சவன், எவ்வளவு தவம் பண்ணினவன், அவன் ஏன் விழுந்தான் தெரியுமா?” என்று ஆரம்பிக்கிறார். ஆட்டம் பத்து நிமிடம் நிற்கிறது. யாருக்கும் அவசரமில்லை. விடியும்வரை கண் விழித்தாக வேண்டும்.

வைகுண்ட ஏகாதசி இரவில் ஸ்ரீரங்கம், திருவல்லிக்கேணி போன்ற ஊர்களின் வீடுகளில் தலைமுறைகளாக நடந்துவரும் காட்சி இது. பகலெல்லாம் விரதம், இரவெல்லாம் விழிப்பு, அதிகாலையில் சொர்க்கவாசல். இடையில் இருக்கும் நீண்ட இரவைக் கடக்க, சிறுவர்களைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்ள, பரமபத சோபன படம்.

இதே குழந்தைகள் மறுநாள் அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து ஆடும் ‘பாம்பும் ஏணியும்’ பலகையில் ஒன்று முதல் நூறு வரை எண்கள் மட்டுமே இருக்கும். அங்கே பாம்பு கொத்தினால் ஏன் கொத்தியது என்று கேட்க முடியாது. கேட்டாலும் சொல்வதற்கு அந்தக் கட்டத்தில் எதுவும் எழுதியிருக்காது.

எழுதியிருந்தது எப்படிக் காணாமல் போனது?

துணிமேல் ஒரு பிரபஞ்சம்

வட இந்தியாவில் பரமபதத்தின் உறவுக்கு ஞான சௌபர் என்று பெயர். மகாராஷ்டிரத்தில் மோட்சபடம். துணியிலோ தாளிலோ வரைந்து, கட்டத்துக்குக் கட்டம் ஒரு பெயர் எழுதி, ஏணி ஏற்றிவிட, பாம்பு இறக்கிவிடும் ஆட்டம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஞானேஸ்வரர்தான் இதை உருவாக்கினார் என்று மராத்தி மண்ணில் பாரம்பரியமாகச் சொல்கிறார்கள். ஆனால் இன்று கையில் கிடைக்கும் பழைய பலகைகள் பதினெட்டாம் நூற்றாண்டை ஒட்டியவை. ஆக்ஸ்போர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தின் ஆண்ட்ரூ டாப்ஸ்ஃபீல்ட் 1985-இல் எழுதிய ஆய்வுக்கட்டுரைதான், அங்குமிங்கும் சிதறிக் கிடந்த இந்தப் பலகைகளை முதன்முதலில் ஒன்றாக வைத்துப் பார்க்க உதவியது. கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் ஜேக்கப் ஷ்மிட்-மேட்சன் 2019-இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வு அதை இன்னும் ஆழமாகக் கொண்டுபோனது.

வியப்பு என்னவென்றால், இந்த ஆட்டத்தை எந்த ஒரு சமயமும் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. வைணவர்கள் ஆடினார்கள். ஜைனர்கள் தங்கள் உலகக் கோட்பாட்டை அதில் வரைந்தார்கள். சூஃபிகள் பாரசீகப் பெயர்களோடு ஆடினார்கள். நேபாளத்தில் நாகபாசம் என்று ஒரு வடிவம் உண்டு. திபெத்தில் பௌத்தர்கள் ஆடும் ஏற்ற இறக்க ஆட்டத்தை சாக்ய பண்டிதர் உருவாக்கியதாக மரபு சொல்கிறது. சேர வேண்டிய இடத்தின் பெயர் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

ஒரே ஒரு பலகையைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். ஹரீஷ் ஜோஹாரி தன் ‘லீலா’ நூலின் வழியே பரவலாக்கிய 72 கட்ட வைணவப் பலகை அது. முதல் கட்டம் பிறப்பு. அதைத் தாண்டியதுமே மாயை, கோபம், பேராசை. 54-ஆம் கட்டம் பக்தி. அங்கே கால் வைத்தால் ஏணி நேராக 68-ஆம் கட்டமான வைகுண்டத்தில் கொண்டுபோய் விடும். அதற்கு அடுத்த வீடு, 55, அகங்காரம். அங்கிருக்கும் பாம்பு மூன்றாம் கட்டத்துக்கு, கோபத்துக்கு இழுத்துவிடும். பக்திக்கும் அகங்காரத்துக்கும் நடுவே ஒரே ஒரு எண்தான் வித்தியாசம். நான்கு விழ வேண்டிய இடத்தில் ஐந்து விழுந்தால் போதும். இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தவர் மனித மனத்தை நன்றாகத் தெரிந்தவராக இருந்திருக்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. வைகுண்டம் 68-இல் இருக்கிறது, பலகையோ 72 வரை போகிறது. சேர வேண்டிய இடத்தில் நிற்காமல் தாண்டிப் போனவர், 72-இல் காத்திருக்கும் தமோ குணத்தின் பாம்பில் சிக்கிப் பூமிக்கே திரும்ப வேண்டும்.

தமிழ்நாட்டுப் பரமபதத் தாள்கள் புராணக் கதைமாந்தர்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டன. குணத்தின் பெயரைவிட அசுரனின் பெயர் குழந்தைக்குச் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். கீழே விலங்குகள், பறவைகள், நடுவே அரசர்கள், அசுரர்கள், முனிவர்கள், உச்சியில் தேவியரோடு பரமபத நாதன். அந்தத் தாளைப் பத்து ஏகாதசி ஆடி முடித்த குழந்தைக்கு இராமாயணமும் பாரதமும் பாகவதமும் பாதிக்கு மேல் தெரிந்திருக்கும்.

■ பெட்டி 1: எந்தப் பலகையில் எத்தனை வீடு?

வைணவ ஞான சௌபர்: பெரும்பாலும் 72 கட்டங்கள்.
ஜைனப் பலகை: 84 கட்டங்கள், ஒன்பதுக்கு ஒன்பது சதுரமும் அதன் ஓரங்களில் துருத்திய கூடுதல் வீடுகளும்.
சூஃபி பலகை: 100 கட்டங்களும், அதற்கு மேல் இறைவனின் அரியாசனமும்.
தமிழ்நாட்டுப் பரமபதம்: தாளுக்குத் தாள் மாறும், பலவற்றில் நூறைத் தாண்டும்.
ஆங்கிலப் பலகை: பத்துக்குப் பத்து, 100.

1892: பெயர்கள் உதிர்ந்தன

மேஜர் ஹென்றி டண்டாஸ் ராபர்ட்சன் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி, லண்டனில் உள்ள ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டிக்கு 1831-இல் ஒரு ஞான சௌபர் பலகையைக் கொடுத்தார். அப்போது அது அறிஞர்கள் பார்க்கிற காட்சிப் பொருள். அறுபது ஆண்டு கழித்து அது கடைச் சரக்கானது. லண்டன் விளையாட்டுப் பொருள் தயாரிப்பாளர் எஃப். எச். ஏயர்ஸின் பெயரோடு 1892-ஆம் ஆண்டை இணைத்துச் சொல்கிறது ஆட்டத்தின் வரலாறு.

இங்கிலாந்துக்கு இப்படிப்பட்ட ஆட்டம் புதிதல்ல. அங்கே ஏற்கெனவே 63 கட்ட வாத்து ஆட்டம் இருந்தது. நல்லொழுக்கம் போதிக்கும் தடப் பலகைகள் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே விற்பனையில் இருந்தன. பகடை என்றால் சூதாட்டம் என்று அஞ்சிய பெற்றோருக்காக, அவற்றில் பகடைக்குப் பதில் எண் எழுதிய சிறு பம்பரத்தைச் சுற்றினார்கள். எனவே இந்தியப் பலகை போய் இறங்கியது பழக்கப்பட்ட மண்ணில்.

முதலில் பெயர்களை மட்டும் மாற்றினார்கள். சிக்கனத்திலிருந்து ஏணி போட்டால் நிறைவு, உழைப்பிலிருந்து போட்டால் வெற்றி. சோம்பலின் பாம்பு வறுமையில் விடும், கீழ்ப்படியாமையின் பாம்பு அவமானத்தில். விக்டோரியா மகாராணி காலத்து நடுத்தர வீட்டின் நெறிகள் இவை. மோட்சம் இருந்த இடத்துக்கு முன்னேற்றம் வந்து உட்கார்ந்தது. 1895 வாக்கில் வந்த ‘கிஸ்மெட்’ என்ற அப்படிப்பட்ட பலகை ஒன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பிறகு அந்தப் பெயர்களும் தேய்ந்தன. இருபதாம் நூற்றாண்டில் நாம் அறிந்த எண் பலகை நிலைத்தது. அமெரிக்காவில் மில்டன் பிராட்லி நிறுவனம் 1943-இல் பாம்புகளையே எடுத்துவிட்டு, பூங்காவில் இருக்கும் சறுக்குமரங்களை வைத்தது. அங்கேயும் படம் கதை சொல்லாமல் இருக்கவில்லை. உயரத்தில் இருக்கும் பிஸ்கட் ஜாடிக்குக் கை நீட்டும் குழந்தை சறுக்கி விழும், நல்ல வேலை செய்த குழந்தை ஏணியில் ஏறும்.

நமக்குத் திரும்பி வந்தது எண் பலகை. பின்பக்கம் லூடோ, முன்பக்கம் பாம்பும் ஏணியும், ஒரே அட்டை. லூடோவும் பச்சிஸியாக இங்கிருந்து போய் ஆங்கிலப் பெயரோடு திரும்பியதுதான். பள்ளி விடுமுறையில் அந்த அட்டைதான் எல்லார் வீட்டிலும் இருந்தது. பரமபதத் தாளோ வருஷத்துக்கு ஒரு இரவு பெட்டியிலிருந்து வெளியே வந்து மறுநாள் உள்ளே போய்விடும் பொருளாகிவிட்டது.

எண்களால் வந்த லாபம்

பெயர்கள் போனது இழப்பு. ஆனால் எண்களைக் குறைத்துப் பேசுவதும் நியாயமாகாது. அவை செய்யும் வேலை பெரியது என்பதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது.

கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவில் வருமானம் குறைந்த வீட்டுக் குழந்தைகளோடு நடத்திய ஆய்வு 2008-இல் வெளியானது. பள்ளிக்கூடம் சேரும் வயதைக்கூட எட்டாத சின்னஞ்சிறுசுகள். ஒன்று முதல் பத்து வரை எண்கள் வரிசையாக எழுதிய எளிய தடப் பலகையில், இரண்டு வாரத்துக்குள் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் போல ஆடினார்கள். மொத்தமாகக் கூட்டினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். எண்ணுவது, எண்ணைப் பார்த்து அடையாளம் சொல்வது, இரண்டில் எது பெரியது என்று சொல்வது, எண் கோட்டில் ஓர் எண்ணின் இடத்தைக் காட்டுவது, எல்லாவற்றிலும் அந்தக் குழந்தைகள் முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்துச் சோதித்தபோதும் அந்த முன்னேற்றம் நின்றது. எண்ணுக்குப் பதில் நிறங்கள் மட்டும் இருந்த பலகையில் ஆடியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

அடுத்து வந்த இன்னொரு முடிவு ஒவ்வொரு பெற்றோருக்கும் தெரிய வேண்டியது. எலிடா லாஸ்கியும் சீக்லரும் 2014-இல் நூறு வரையிலான பலகையை எடுத்துக்கொண்டார்கள். 25-இல் இருக்கும் காய் மூன்று கட்டம் நகர வேண்டும் என்றால், குழந்தைகள் பொதுவாக “ஒன்று, இரண்டு, மூன்று” என்று சொல்லித்தான் நகர்த்தும். அப்படிச் சொன்ன குழந்தைகளுக்குப் பெரிய பலன் இல்லை. “இருபத்தாறு, இருபத்தேழு, இருபத்தெட்டு” என்று கட்டத்தில் உள்ள எண்ணையே சொல்லி நகர்த்திய குழந்தைகள்தான் எண்களின் அளவை நன்றாக உணர்ந்துகொண்டார்கள்.

ஆக, பலகையை வாங்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிட்டால் பாதி வேலைதான் நடக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து எப்படிச் சொல்லி நகர்த்துவது என்று காட்ட ஒருவர் வேண்டும். தாத்தா ராவணன் கதை சொன்னதும், ஆய்வாளர் எண்ணைச் சொல்ல வைத்ததும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. கட்டத்தில் எழுதியிருப்பதை வாய்விட்டுப் படிக்கும்போதுதான் பலகை பாடமாகிறது.

■ பெட்டி 2: தாயம் விழ எத்தனை முறை உருட்ட வேண்டும்?

தாயக்கட்டைக்கு நான்கு முகம்: ஒன்று, இரண்டு, மூன்று, வெறுமை. இரண்டு கட்டைகளை உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் தாயம், அதாவது ஒன்று, விழுவது 2 விதம்.
சராசரியாக எட்டு முறை உருட்டினால் ஒரு தாயம். பத்து முறை உருட்டியும் தாயம் விழாமல் போக ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.
மூன்றுதான் அதிகம் விழும்: 4 விதம். ஆறும் பன்னிரண்டும்தான் அரிது: ஆளுக்கு ஒரே விதம். இரண்டு கட்டையும் வெறுமை காட்டினால் பன்னிரண்டு.
மில்டன் பிராட்லியின் சறுக்குமரப் பலகையில் ஒருவர் நூறைத் தொட சராசரியாக 39 முறை சுழற்ற வேண்டும். அதிர்ஷ்டம் முழுக்கத் துணை நின்றால் ஏழே முறையில் முடியும்.

தாத்தாவும் பேத்தியும் சமம்

சதுரங்கம் தெரிந்தவர் தெரியாதவரை ஜெயிப்பார். ஆடுபுலி ஆட்டத்தில் அனுபவம் பேசும். பரமபதத்தில் ஆடுபவர் முடிவெடுக்க எதுவுமே இல்லை. ஒற்றைக் காயை உருட்டிய எண்ணுக்கு நகர்த்த வேண்டும், அவ்வளவுதான். இதைக் காட்டி, இது மூளைக்கு வேலையில்லாத ஆட்டம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு.

ஆனால் ஐந்து வயதுக் குழந்தையும் எழுபது வயதுத் தாத்தாவும் ஒரே பாயில் உட்கார்ந்து, யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்காமல், நிஜமாகவே போட்டி போடக்கூடிய ஆட்டங்கள் மிகக் குறைவு. பெரியவர் வேண்டுமென்றே தோற்கிறார் என்பதைக் குழந்தைகள் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுகிறார்கள். தாயக்கட்டையிடம் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. தன் தப்பு எதுவும் இல்லாமல் கீழே விழுவதும், விழுந்த இடத்திலிருந்து மறுபடி உருட்டுவதும் குழந்தைக்கு இங்கே பாதுகாப்பாகப் பழக்கமாகிறது. மதிப்பெண்ணும் தரவரிசையும் துரத்தும் வயது வருவதற்கு முன்பே இது கிடைப்பது நல்லது.

இங்கே ஒரு நெருடலும் உண்டு. பழைய பலகை, விழுந்தவரைப் பார்த்து ‘நீ அகங்காரத்தில் கால் வைத்தாய்’ என்கிறது. ஆனால் கால் வைக்கச் செய்தது கட்டை. குழந்தையின் “நான் என்ன பண்ணினேன்?” என்ற கேள்வி நியாயமானது. அந்தக் காலத்தவர் விதி, வினை என்று பதில் சொன்னார்கள். இந்தக் காலத்துத் தாத்தா “நீ ஒண்ணும் பண்ணலைடா கண்ணு, ராவணன் பண்ணினான். அதைச் சொல்லத்தான் இங்கே நிறுத்தியிருக்கு” என்று சொன்னால் போதும். ஆட்டத்தில் விழுந்ததற்காகக் குழந்தையைக் குற்றவாளி ஆக்காமல் கதையை மட்டும் எடுத்துக்கொள்ள முடியும்.

நைஜீரியாவில் திரும்ப வந்த பெயர்கள்

எண்களாகச் சுருங்கிய பலகையில் மறுபடி சொற்களை எழுதிப் பார்த்தவர்கள் ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள். நைஜீரியாவின் ஓகுன் மாநிலத்தில், அபெயோகுட்டா நகரை மையமாகக் கொண்ட ஆய்வாளர்கள், நீரில் இறங்கும் குழந்தைகளைத் தாக்கும் நத்தைக்காய்ச்சல் (சிஸ்டோசோமியாசிஸ்) நோயைப் பற்றிப் பாம்பும் ஏணியும் பாணியில் ஒரு பலகையைச் செய்தார்கள். ‘சிஸ்டோ அண்ட் லேடர்ஸ்’ என்று பெயர். தொற்று உள்ள நீரில் விளையாடும் கட்டத்தில் நின்றால் இறக்கம். மருந்து சாப்பிட்டால் ஏற்றம். குடற்புழுக்களுக்காக ‘வார்ம்ஸ் அண்ட் லேடர்ஸ்’ என்ற இன்னொரு பலகையையும் செய்து, பள்ளிக் குழந்தைகளை ஆடவிட்டுப் பலனையும் அளந்தார்கள்.

அகங்காரத்தின் பாம்பு இருந்த இடத்தில் கை கழுவாத பழக்கத்தின் பாம்பு. சிக்கனத்தின் ஏணி இருந்த இடத்தில் செருப்புப் போட்டு நடப்பதன் ஏணி. நீடித்த வளர்ச்சி இலக்குகளைக் குழந்தைகளுக்குச் சொல்ல ஐக்கிய நாடுகள் சபையும் ‘கோ கோல்ஸ்’ என்று இதே சாயலில் ஒரு பலகையை வெளியிட்டது. ஞான சௌபரை வரைந்தவர்கள் கண்டுபிடித்த உத்தி இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரு சமூகம் எதை ஏற்றம் என்கிறது, எதை வீழ்ச்சி என்கிறது என்பதை ஐந்து வயதுப் பிள்ளைக்குப் புரிய வைக்க இதைவிட மலிவான கருவி இல்லை.

நம் அங்கன்வாடிகளிலும் தொடக்கப் பள்ளிகளிலும் டெங்கு, இரத்தசோகை, சாலைப் பாதுகாப்பு பற்றிய சுவரொட்டிகள் தொங்குகின்றன. அவற்றில் பாதியைத் தரையில் விரித்து ஆடும் பலகைகளாக மாற்றினால், பிள்ளைகள் படிக்கச் சொல்லாமலே படிப்பார்கள்.

செல்போனில் ஏறிய பாம்பு

2016-இல் வந்த ‘லூடோ கிங்’ செயலி, 2020 ஊரடங்கில் இந்திய வீடுகளில் நுழைந்த வேகம் எல்லாருக்கும் நினைவிருக்கும். அதற்குள்ளேயே பாம்பும் ஏணியும் இருக்கிறது. பிரிந்து கிடந்த குடும்பங்கள் ஊருக்கு ஊர் உட்கார்ந்து ஒன்றாக ஆடியது அந்த நாட்களின் நல்ல நினைவுகளில் ஒன்று.

அதன் பின்னாலேயே வேறொன்றும் வந்தது. லூடோவையும் பாம்பும் ஏணியையும் பணம் கட்டி ஆடச் செய்யும் செயலிகள். இருபது ரூபாயில் தொடங்கி இரவு முழுக்க இழுக்கும் ஆட்டம். பகடையைச் சூதுக்கு இழுப்பது புதிதல்ல. ரிக் வேதத்திலேயே சூதாடியின் புலம்பல் இருக்கிறது. வள்ளுவர் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் வைத்தார். பாரதப் போருக்கு வித்திட்டதும் பகடைதான். இத்தனையும் தெரிந்த ஒரு சமூகம், அதே கட்டையை எடுத்துக் குழந்தையின் கையில் கொடுத்து, பந்தயப் பணம் இருந்த இடத்தில் மோட்சத்தை வைத்தது. பரமபதத்தின் பெரிய சாதனை இதுதான். பணச் செயலிகள் அதைத் தலைகீழாகத் திருப்பிவிட்டன.

தமிழ்நாடு 2022-இல் இணையச் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பிரித்துப் பார்க்காமல், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்துக்கும் தடை விதித்தது. சட்டம் தன் வேலையைச் செய்யட்டும். ஆனால் பகடையோடு ஒரு குழந்தைக்கு முதல் அறிமுகம் எங்கே நடக்கிறது, பாட்டியின் பாயிலா, யாருமில்லாத அறையில் செல்போன் திரையிலா என்பது வீட்டின் கையில்தான் இருக்கிறது.

திரும்ப விரிக்கும் கைகள்

மரபு ஆட்டங்களை மீட்பதில் சென்னையில் 2002 முதல் வினிதா சித்தார்த்தாவின் ‘கிரீடா’ இயங்கிவருகிறது. பரமபதம், பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம் ஆகியவற்றைப் பெட்டியில் போட்டு, விதிகளோடு கடைக்குக் கொண்டுவந்தது அது. மைசூரில் ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டானா மரபுப் பலகைகளுக்காகவே ‘கிரீடா கௌசல்யா’ கண்காட்சியை நடத்திவருகிறது. மைசூருக்கு அது பொருத்தம்தான். மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) புதிய பலகை ஆட்டங்களை உருவாக்குவதில் பெருவிருப்பம் கொண்ட மன்னர். அவர் வடிவமைத்த ஆட்டங்களின் வண்ணப் படங்கள் ஜகன்மோகன் அரண்மனைச் சுவர்களில் இருக்கின்றன.

பெட்டியில் வரும் அழகான பலகைகளுக்கு நடுவே, கோயில் வாசலில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரணத் தாளை மறந்துவிடக் கூடாது. எல்லா வீட்டுக்கும் எட்டுகிற பரமபதம் அதுதான். அதன் நிலைமைதான் வருத்தம் தருகிறது. பல தாள்களில் மை பரவி, கட்டத்துக்குள் இருக்கும் பெயரைக் கண்ணாடி போட்டாலும் படிக்க முடிவதில்லை. பழைய அச்சிலிருந்து நகல், நகலிலிருந்து நகல் என்று எடுத்து எழுத்துகள் பிழைபட்டுக் கிடக்கின்றன. லண்டனில் வேண்டுமென்றே நீக்கப்பட்ட பெயர்கள் இங்கே கவனக்குறைவால் அழிந்துகொண்டிருக்கின்றன.

சரிசெய்யப் பெரிய செலவில்லை. அச்சிடுபவர்கள் ஒருமுறை எழுத்துக் கோத்து, பிழை திருத்தி, கட்டங்களைக் கொஞ்சம் பெரிதாக்கினால் போதும். தாளின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. முன்பக்கத்துப் பாம்புகளுக்கும் ஏணிகளுக்கும் ஆளுக்கு நான்கு வரியில் கதை அங்கே அடங்கும். ராவணனின் கதை தெரியாத இளம் அப்பா அம்மா, பிள்ளை கேட்ட உடனே தாளைத் திருப்பிப் படித்துச் சொல்லலாம். கோயில் நிர்வாகங்கள் ஏகாதசிக்கு முன்னால் இப்படி ஒரு தாளை அச்சடித்து, அர்ச்சனைத் தட்டுக் கடைகளில் பத்து ரூபாய்க்கு விற்க ஏற்பாடு செய்யலாம். மார்கழி பிறப்பதற்குள் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.